ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள்: வில்லியம் மார்ஷலின் கொடிவழி

ஆங்கிலப் பிரபுவும் போர்வீரருமான வில்லியம் மார்ஷலின் நான்காவது மகன் வால்டர், 1245 நவம்பரில் குட்ரிச் கோட்டையில் இறந்தார். டிசம்பரில் கடைசித் தம்பி ஆன்செல்மும் செப்ஸ்டோவில் கண்ணை மூடினார். ஐந்து அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கும் உரிமைப் பிள்ளை இல்லை. “அத்தோடு மார்ஷல் வம்சம் அழிந்தது” என்று இந்த இடத்தில் பலரும் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறைந்தது ஒரு குடும்பப் பெயர் மட்டும். ரத்தம் ஒரு வழியிலும், நிலம் ஒரு வழியிலும், பட்டமும் பதவியும் இன்னொரு வழியிலும் போயின. ஆங்கிலப் பிரபுக் குடும்பம் எதை எடுத்தாலும் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பின்தொடர வேண்டும். மூன்றையும் ஒரே கோடாக வரைந்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் தப்பு வரும்.

வில்லியமின் தகப்பனார் ஜான், அரசரின் மார்ஷல். அரச லாயத்துக்குப் பொறுப்பு, அரசவையில் ஒழுங்கு காப்பது, படை கூடும்போது யார் வந்தார் யார் வரவில்லை என்று பார்ப்பது, இவைதான் அந்த வேலை. வேலையின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஜானுக்கு மூத்த தாரத்தில் இரண்டு மகன்கள். இளைய தாரம் சிபில், சாலிஸ்பரி ஏர்ல் பேட்ரிக்கின் தங்கை. ஏர்ல் என்பது ஓர் உயர்ந்த பிரபுப் பட்டம். அவள் வயிற்றில் இரண்டாவது மகனாக 1147ஐ ஒட்டிப் பிறந்தவர் வில்லியம். ஆக அப்பனுக்கு நான்காவது பிள்ளை. மூத்தவனுக்கே எல்லாம் என்ற வழக்கத்தில் நான்காவது பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

1152இல் ஸ்டீபன் அரசர் நியூபரி கோட்டையை முற்றுகையிட்டபோது ஜான் இந்தச் சிறுவனைப் பிணையாகக் கொடுத்துவிட்டு வாக்கை மீறினார். பையனைத் தூக்கிலிடுவோம் என்றதற்கு, இதைவிட நல்ல பிள்ளைகளைச் செய்ய என்னிடம் சுத்தியலும் பட்டடையும் இருக்கின்றன என்றாராம். ஸ்டீபனுக்கு மனம் வராததால் பிள்ளை பிழைத்தது. இந்தக் கதைக்கு ஆதாரம், வில்லியம் இறந்தபின் மூத்த மகன் செலவில் 1220களில் பிரெஞ்சில் இயற்றப்பட்ட 19,000 அடிகளுக்கு மேற்பட்ட ஒரு பாடல். குடும்பம் காசு கொடுத்துப் பாடவைத்த புகழ்ப்பாட்டு அது என்பதை மறக்கக்கூடாது. அப்படியிருந்தும் தகப்பனின் அந்தப் பேச்சை அது மறைக்கவில்லை என்பதற்காகவே அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

நிலமில்லாத பிள்ளை நார்மண்டியில் உறவினர் டான்கர்வில் பிரபுவிடம் ஆயுதப் பயிற்சி பெற்றார். 1168இல் தாய்மாமன் பேட்ரிக்கோடு பிரான்சின் புவாத்து பகுதிக்குப் போனார். அங்கே பதுங்கித் தாக்கியவர்களிடம் மாமன் உயிரை விட்டார். மருமகன் தொடையில் காயத்தோடு சிறைப்பட்டார். மீட்புப் பணம் கட்டி விடுவித்தவர் இரண்டாம் ஹென்றியின் அரசி எலினோர். அதன்பின் வில்லியம், அவர்கள் மகன் இளவரசர் ஹென்றிக்கு ஆயுத ஆசான். வருமானம் பந்தயப் போர்களில் வந்தது. அந்தப் போரில் எதிராளியை உயிரோடு பிடிக்க வேண்டும். பிடிபட்டவரின் குதிரையும் கவசமும் பிடித்தவருக்குச் சொந்தம், விடுதலைக்குத் தனியாகப் பணம். ரோஜர் டி காகி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கிடைத்ததைப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார். பத்து மாதத்தில் 103 வீரர்கள் என்று சமையற்கட்டுக் கணக்கர் ஒருவர் எழுதி வைத்தாராம்.

பலர் இடறும் இடம் திருமணம். 1189இல் மூன்றாம் நபருக்குச் சொத்தாக இருந்த ஒரு பெண் அவருக்குக் கிடைத்தாள். மூன்றாம் நபர் என்று நான் சொல்வது அரசரை. தகப்பன் இல்லாத பிரபுக் குடும்பத்து வாரிசுப் பெண்ணை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பது அரசரின் உரிமை, அதை விற்கவும் செய்வார்கள். இசபெல் டி கிளேருக்கு அப்போது சுமார் 17 வயது, வில்லியமுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அவள் அப்பா, அயர்லாந்துக்குப் படையோடு போன ரிச்சர்ட் டி கிளேர். அம்மா ஏஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் நாட்டு அரசர் டியார்மிட்டின் மகள். வேல்ஸில் உள்ள செப்ஸ்டோவும், லென்ஸ்டரும், வேல்ஸின் பெம்புரோக் மீதான உரிமையும் இவள் கொண்டுவந்தவை. கணவர் ஆண்டது மனைவியின் உரிமையால். ஆகவே “மார்ஷல் குடும்பச் சொத்து” என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே பெண்வழியில் வந்த சொத்து. அயர்லாந்து அரச ரத்தமும் அப்படியே வந்ததுதான்.

1189இலேயே அவர் ஏர்ல் ஆகிவிட்டார் என்று எழுதுவது தவறு. ஜான் அரசர் முடிசூடிய நாளில், 1199 மே 27 அன்று, பெம்புரோக் ஏர்ல் பட்டம் வந்தது. மனைவியின் தாத்தா கில்பர்ட் 1138இல் அதே பட்டம் பெற்றிருந்தார். மாமனாருக்கு அதை இரண்டாம் ஹென்றி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஊர்ப் பெயரில் பட்டம் பல தடவை புதிதாக உண்டாக்கப்படும். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் “முதலாம் பெம்புரோக் ஏர்ல்” என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள். இன்றைய ஹெர்பர்ட் குடும்பத்தின் பட்டம் 1551இல் உண்டானது, மார்ஷலிடமிருந்து இறங்கி வந்ததல்ல. பெயரோடு பட்டம் உண்டான ஆண்டையும் எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

இன்னொரு குழப்பம் 1215. அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மகா சாசனத்தை (மேக்னா கார்ட்டா) காக்க நியமிக்கப்பட்ட 25 பிரபுக்களில் வில்லியம் மார்ஷல் இருந்தார் என்றால், அது மகன். அதே பெயர். தகப்பன் அரசர் பக்கம் நின்று பேச்சுவார்த்தை நடத்தியவர். 1216 அக்டோபரில் ஜான் அரசர் இறந்தபோது வாரிசு ஒன்பது வயதுச் சிறுவன் மூன்றாம் ஹென்றி, கஜானா காலி, லண்டன் பிரெஞ்சு இளவரசர் லூயி கையில். எழுபதை நெருங்கிய கிழவர் வில்லியம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். செத்துப்போன அரசர் ஒப்புக்கொண்டு பிறகு உதறிய சாசனத்தை நவம்பரிலேயே, போப்பின் தூதர் குவாலாவோடு சேர்ந்து, தன் முத்திரையிட்டு மறுபடி வெளியிட்டார். எதிரிகள் எதற்காகச் சண்டை போட்டார்களோ அதை அவர்களிடமிருந்து பறித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். 1217 மே 20 அன்று லூயியின் படைக்கு எதிரான லிங்கன் போரில் தானே குதிரையேறிப் போனார். அன்று வென்றிருக்காவிட்டால் மகா சாசனம் சில வாரம் உயிரோடு இருந்த ஒரு செத்த ஒப்பந்தமாகவே நின்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். 1219 மே 14 அன்று கேவர்ஷமில் இறந்தார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம். அங்குள்ள கல் உருவங்கள் 1941 மே குண்டுவீச்சில் சிதைந்தன.

மகன்கள் கதைக்கு வருவோம். மூத்தவர் வில்லியம் 1224இல் அரசரின் தங்கை எலினோரை இரண்டாம் தாரமாகக் கட்டினார். அவளுக்கு ஒன்பது வயது. 1231இல் அவர் இறந்தபோது அவளுக்குப் பதினாறுதான். அடுத்தவர் ரிச்சர்ட், ஹென்றி அரசரின் ஆலோசகர்களை எதிர்த்துக் கிளம்பி, 1234 ஏப்ரலில் கில்டேர் சமவெளியில் காயம்பட்டு இறந்தார். கில்பர்ட் திருச்சபை வாழ்க்கைக்குப் போயிருந்தவர், அண்ணன்மார் போனதால் திரும்பி வந்தவர். 1241இல் ஹெர்ட்ஃபோர்டில் பந்தயப் போரில் கடிவாளம் அறுந்து, குதிரை இழுத்துப்போய் உயிர் விட்டார். அப்பாவுக்கு வாழ்வு கொடுத்த அதே பந்தயக் களம். வால்டர், ஆன்செல்ம் பற்றி முன்பே சொன்னேன். இரண்டு பண்ணைகளைப் பறித்துக்கொண்டதற்காக அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் ஆயர் இட்ட சாபம் இது என்று அந்நாளிலேயே பேச்சு. பண்ணை விவகாரத்தில் ஆயர் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சாபம் பலித்தது என்றால் அது மகள்களுக்கும் பலித்திருக்க வேண்டும்.

ஐந்து மகள்கள்: மாட், இசபெல், சிபில், ஈவா, ஜோன். எல்லோருக்கும் பிள்ளைகள். சட்டம் இங்கே தெளிவு. மகன் இருந்தால் மூத்தவனுக்கு எல்லாம். மகன் இல்லையென்றால் மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்துபோன மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்கு. பிரிக்க முடியாத பதவி மட்டும் மூத்த மகளுக்கு. ஏர்ல் பட்டத்தைப் பங்கு போட வழியில்லை, அது அரசர் கைக்குப் போய்விடும். லென்ஸ்டரைப் பிரித்தபோது மாட்டுக்குக் கார்லோ, ஜோன் வழிக்கு வெக்ஸ்ஃபோர்ட், இசபெல் வழிக்குக் கில்கென்னி, சிபில் வழிக்குக் கில்டேர், ஈவா வழிக்கு லீஷ். சிபிலுக்கு ஏழும் பெண்கள். ஐந்தில் ஒன்றை ஏழாக்கினால் ஆளுக்கு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு பெரிய கோட்டை நாடு இரண்டே தலைமுறையில் துண்டு துண்டானது இப்படித்தான். யாரும் போரில் தோற்று இழந்ததல்ல.

பங்கு போடுமுன் கைம்பெண் பாகத்தைக் கழிக்க வேண்டும். கணவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு ஆயுள் வரை. பட்டியல்களில் இதை விட்டுவிடுவதால்தான் கணக்கு உதைக்கும். எலினோருக்கு அயர்லாந்து, தென் வேல்ஸ் நிலங்களுக்குப் பதிலாக ஆண்டுக்கு 400 பவுண்டு என்று முடித்தார்கள். அது குறைவு என்ற மனக்குறை அவளுக்குத் தீரவே இல்லை. அவளுடைய இரண்டாம் கணவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட். மச்சினர் மூன்றாம் ஹென்றியோடு அவருக்கு முற்றிய பகையில் இந்த 400 பவுண்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

ரத்தம் எங்கே போனது? இசபெலின் மகள் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபுவைக் கட்டினாள். அவர்கள் பேரன்தான் ஸ்காட்லாந்து அரசர் முதலாம் ராபர்ட். வில்லியம் மார்ஷலுக்கு எள்ளுப்பேரன். ஈவாவின் மகள் மார்டிமர் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்தக் கொடி நான்காம் எட்வர்ட் அரசருக்கும், அவர் மகள் எலிசபெத் வழியாக எட்டாம் ஹென்றிக்கும், ஹென்றியின் அக்கா மார்கரெட் வழியாக இன்றைய சார்ல்ஸ் அரசருக்கும் வருகிறது. ஜோனின் மகள் கட்டிய வேலன்ஸ் குடும்பத்துக்குப் பெம்புரோக் போய், அங்கிருந்து ஹேஸ்டிங்ஸ் குடும்பத்துக்குத் தாண்டியது. அதன் கடைசி ஏர்ல் 1389இல் 17 வயதில் ஈட்டிப் பந்தயத்தில் மாண்டார்.

பதவியின் வழி வேறு. 1246இல் மூன்றாம் ஹென்றி, மார்ஷல் பதவியின் அடையாளமான கோலை மூத்த மகள் மாட்டின் கையில் கொடுத்தார். நார்ஃபோக், வாரன் இரண்டுக்கும் சீமாட்டியாக இருந்தும், தன்னைக் குறிக்கும்போது “இங்கிலாந்தின் மார்ஷல்” என்பதையே அவள் முதலில் வைத்தாள். 1248இல் இறந்தவளை டின்டர்ன் மடத்தில் அடக்கம் செய்ய நான்கு மகன்கள் தூக்கிப் போனார்கள். மூத்த மகன் ரோஜர் பிகாடுக்கும், பிறகு அவர் தம்பி மகன் இன்னொரு ரோஜருக்கும் கோல் போனது. அந்த இளைய ரோஜர் 1302இல் பட்டத்தையும் கோலையும் முதலாம் எட்வர்டிடம் ஒப்படைத்து, தன் உடலில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திரும்பப் பெற்றார். 1306இல் பிள்ளையில்லாமல் இறந்தார். மாட்டின் ரத்தமான தம்பி ஜான் உயிரோடு இருந்தார், அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கோல் 1316இல் எட்வர்டின் மகன் தாமஸுக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு பல கை மாறி, 1672இல் ஹோவர்ட் குடும்பத்துக்குப் பரம்பரை உரிமையானது. 2022இல் எலிசபெத் அரசியின் இறுதி ஊர்வலத்தையும் 2023 முடிசூட்டு விழாவையும் ஏற்பாடு செய்த நார்ஃபோக் டியூக் அந்தக் குடும்பத்தவர், அந்த உரிமையில்தான் அதைச் செய்தார்.