இசிஜி நார்மல் என்பதால் வலியை ஒதுக்கிவிட முடியாது

"இசிஜி நார்மல், டிரெட்மில் பார்டர்லைன், ஆகவே விட்டுவிட்டு வரும் நெஞ்சுவலி வெறும் வாயுதான்" என்று சிலர் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. படுக்கவைத்து எடுக்கும் இசிஜி சுமார் 10 விநாடிகளை மட்டுமே பதிவு செய்கிறது. வலி இல்லாதபோது எடுத்தால், ரத்தக்குழாயில் கணிசமான அடைப்பு இருந்தாலும் அது நார்மலாக வரக்கூடும்.

டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜியில், ஒவ்வொரு துடிப்பின் பெரிய கூர்முனைக்குப் பின் வரும் எஸ்டி கோடு 1 மில்லிமீட்டராவது கிடையாகவோ சரிந்தோ இறங்கினால் பாசிட்டிவ் என்பார்கள். அதற்குச் சற்றுக் குறைவாக இறங்கினால் பார்டர்லைன். அதை வைத்து அடைப்பு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பெண்களுக்கு அடைப்பே இல்லாமலும் இப்படி வருவதுண்டு, எனவே கலங்கிப்போகவும் வேண்டாம். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து ஸ்ட்ரெஸ் எக்கோவோ (இதயத்துக்கு வேலை கொடுத்து எடுக்கும் ஸ்கேன்) சிடி ஆஞ்சியோவோ (இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) தேவையா என மருத்துவர் முடிவு செய்வார். மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்தி, நின்றதும் குறைகிறதா, மூச்சை இழுத்தால் சுருக்கென்று குத்துகிறதா என்பதை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பல நேரம் அந்த விவரமே ரிப்போர்ட்டைவிட அதிகம் உதவும்.

ஓய்விலும் 10 நிமிடத்துக்கு மேல் வலி நீடித்து, வியர்த்தாலோ தாடைக்கோ கைக்கோ பரவினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை முதல்முறை நார்மலாக வந்தாலும், சில மணி நேரத்தில் மறுபடி எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.