மீட்டர் விளக்கையும் பாடத்தில் சேருங்கள்

பசுமை இல்ல விளைவைப் பள்ளியில் கணினிப் பாவனைகள் (சிமுலேஷன்) மூலம் சொல்லித்தரலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சரிதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற அறிவியல் பாவனைத் தொகுப்பில் உள்ளதை நானும் வகுப்பில் போட்டுக் காட்டுவதுண்டு. அகச்சிவப்பு ஒளித்துகள் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கண்டுகொள்ளாமல் கடந்துபோய், கார்பன் டை ஆக்சைடிடம் மாட்டிக்கொள்ளும். மூலக்கூறு துடித்துவிட்டு அதை வேறு பக்கம் வீசும். கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் இது வராது.

ஆனால் திரையோடு நிறுத்திவிட்டால் எல்லாம் துருவக் கரடியின் பிரச்சினையாகவே போய்விடும். நிலக்கரியை எரித்தும் வருகிற மின்சாரத்தை அளக்கும் வீட்டு மின்மீட்டர் இருக்கிறதே! பல டிஜிட்டல் மீட்டர்களின் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருக்கும். சிவப்பு விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டு, இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று செல்போனில் பார்க்கச் சொல்லுங்கள். 1125ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட். பழைய ஃபேனுக்கு 15 வினாடி வந்தால் 75 வாட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி (BLDC) ஃபேனுக்கு 40 வினாடி, அதாவது 28 வாட். (ஃபிரிட்ஜை அணைக்க மறந்துவிட்டு, "எங்க வீட்டு ஃபேன் 200 வாட் சார்" என்று வந்து நிற்பவர்களும் உண்டு.) செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்த பிறகும் விளக்கு மெதுவாக மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்த பிள்ளைகள், அப்புறம் வீட்டில் யாரையும் நிம்மதியாக விடுவதில்லை.

மீட்டரில் 1600 என்றிருந்தால் 1125க்குப் பதில் 2250 போட்டுக்கொள்ளுங்கள்.