மூன்று இரவுகளைத் தின்ற காலி அடைப்புக்குறி

இன்றும் அதேதான். கிராபிக்ஸ் அட்டை இருக்கிறதா என்று கேட்கும் ஒற்றை வரியை அடித்து என்டர் தட்டினால், கறுப்புத் திரையில் இரண்டு சதுர அடைப்புக்குறிகள். நடுவே ஒன்றுமில்லை. பிழைச் செய்தியாவது வந்தால் சண்டை போடலாம். அதுவும் கிடையாது. கைமாற்று வாங்கிப் போட்ட அட்டை, காலுக்குப் பக்கத்தில் விசிறி சுழலக் கிடக்கிறது. கணினிக்குப் படங்களைப் பழக்கும் மென்பொருளான டென்சர்ஃப்ளோவோ அப்படியொரு பொருளே இல்லை என்று சாதிக்கிறது.

நான் என்ன ராக்கெட்டா விடப் போகிறேன்? கம்பம்மெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஏலக்காய்களைப் படம் பிடித்து, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய் எது, இலைப்பேன் அரித்துச் சொறி விழுந்த காய் எது என்று கணினிக்குப் பழக்க வேண்டும். போடி ஏலத்துக்குச் சரக்கு போகும்போது அப்பாவுக்குக் கண் வலி குறையும். நாலாயிரம் படங்கள். அட்டை இல்லாமல் அத்தனையையும் ஒரு சுற்று பழக்க ஒன்றரை மணி நேரம்.

முதல் இரவு, அட்டையின் நிலையைக் காட்டும் கட்டளை ‘கூடா 12.4’ என்றது. அட்டையைக் கணக்குப் போட வைக்கும் மென்பொருள்தான் கூடா. நம்பினேன். அதே பதிப்பை, ஏறத்தாழ மூன்று ஜிபியை, போன் இணைப்பில் விடிய விடிய இறக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த எண், அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் தாங்கும் உச்சப் பதிப்பாம். கணினியில் எது இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். இதை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால் யார் குடி முழுகிவிடும்?

இரண்டாம் இரவு எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். அதே அடைப்புக்குறி.

இன்று இரவு உண்மை பிடிபட்டது. விண்டோஸில் நேரடியாக அட்டையைத் தொடும் கடைசி டென்சர்ஃப்ளோ பதிப்பு 2.10. வெளிவந்த ஆண்டு 2022. அதற்குப் பிந்தையவற்றுக்கு விண்டோஸுக்குள் லினக்ஸை ஏற்ற வேண்டும். நான் போட்டதோ புதியது. அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நிறுவிக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அட்டையைக் கைவிட்டிருக்கிறது. ஒரே ஒரு வரி, ‘இந்தப் பதிப்பில் உன் அட்டை வேலை செய்யாது’ என்று சொல்லியிருந்தால் எனக்கு மூன்று இரவு மிச்சம்! முடியாது என்பதைச் சொல்லாமல் ஆளைக் காக்க வைப்பவனை ஊரில் என்னவென்று திட்டுவோமோ, அதே வசவு இதற்கும் பொருந்தும்.

சரி என்று 2.10-ஐப் போட, நிரல்மொழியான பைத்தானைப் பழைய 3.10 பதிப்புக்குத் தாழ்த்தி, கூடா 11.2, அதோடு சேரும் கூடிஎன்என் 8.1 என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தினேன். உடனே நம்பை என்ற பைத்தான் கணக்கு நூலகம் தகராறு செய்தது. தானாக வந்து இறங்கிய இரண்டாம் பதிப்பு இதற்கு ஆகாதாம். அதையும் முதல் பதிப்புக்குத் தாழ்த்தினேன்.

நாலே காலுக்கு அடைப்புக்குறிக்குள் அட்டையின் பெயர் வந்தது. ஓட்டினேன். அட்டையின் நினைவகம் போதவில்லை என்று நின்றது. ஒரே தடவையில் அட்டைக்கு அனுப்பும் தொகுதிக்கு முப்பத்திரண்டு படம் என்பதை எட்டாகக் குறைத்த பிறகுதான் ஓடுகிறது.

இப்போது ஜன்னலுக்கு வெளியே தோட்டத்து ஜீப்பின் ஹாரன். பின்படியில் தூக்குச்சட்டியோடு தொங்கும் பெண்களை, இன்னும் இரண்டு பேருக்கு இடம் விடச் சொல்லி டிரைவர் அதட்டுகிறார். இத்தனை உயிரை அடைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில், இந்த இருட்டில் மலை ஏற வேண்டுமா? தாங்காது என்று அட்டைக்கே சுமையைக் குறைத்தேனே, இவர்களுக்கு இன்னொரு ஜீப் விட்டால் என்ன?