பிள்ளைகளைக் கருணை இல்லத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி கற்பிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களிடையே உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்பு நாள்களான தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரு திட்டம் தவறாமல் எழுகிறது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து, அருட்சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஒரு நாள் போய்வருவது என்பதே அது. பிள்ளைகள் பாடுவார்கள், வாழ்த்து அட்டைகளைக் கொடுப்பார்கள், எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். நானும் ஹோம்ஸ்கூலிங் முறையில் பிள்ளைகளை வளர்க்கும் தாய்தான். இத்தகைய இல்லத்துக்கு அவர்களோடு போய்வருபவள்தான். போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதை ஒரு நாள் சுற்றுலாவாக அமைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாம் ஏன் போகிறோம் என்பதை முதலில் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். "பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்தால் நாலு பேரோடு பழகுவது எப்படி?" என்று உறவினர்கள் கேட்காத குடும்பம் நம்மில் ஒன்றுகூட இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதிலாகக் காட்டுவதற்கென்றே பல படங்கள் எடுக்கப்படுகின்றன என்பது என் கணிப்பு. சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரின் தனிமையை நம்முடைய கல்விமுறைக்குச் சான்றிதழாக மாற்றிக்கொள்ள நமக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் நம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி அல்லர்.

வீட்டுக்கல்விக்கு ஆதரவாகப் பேசும்போது நாம் எல்லோரும் உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் துணைக்கு அழைக்கிறோம். கிறிஸ்தவக் கல்வி குறித்து 1965 அக்டோபர் 28 அன்று சங்கம் வெளியிட்ட அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 793ஆம் பிரிவும் கல்வி கற்பிக்கும் கடமையையும் உரிமையையும் பெற்றோருக்கே அளிக்கிறது. இவற்றை மேற்கோள் காட்டும் நாம், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்பத்தைப் பற்றி 1981இல் வெளியிட்ட ஊக்கவுரையின் 44ஆம் பத்தியை அவ்வளவு ஆர்வமாக எடுத்துக்காட்டுவதில்லை. குடும்பங்கள் சமூகப் பணியில், குறிப்பாக ஏழைகளுக்கும் அரசின் நலத்திட்டங்கள் எட்டாதவர்களுக்கும் செய்யும் பணியில் ஈடுபட வேண்டும் என்று அது கேட்கிறது. உரிமையை நினைவில் வைத்துக்கொண்டு, அதனோடு வரும் வேலையை ஆண்டுக்கு ஒரு நாளாகச் சுருக்கிவிடுவது சரியா?

இந்தப் பணி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் பங்கு ஆலயங்களிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பிரெடெரிக் ஓசானாம் பாரிசில் படித்துக்கொண்டிருந்தபோது, 1833 ஏப்ரல் 23 அன்று, தம் இருபதாம் பிறந்தநாளில், சில நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியதே ஏழைகளுக்கு உதவுவதற்கென இயங்கும், இன்று நாம் அறிந்த வின்சென்ட் தே பவுல் சபை. அவர்கள் கூட்டமாகப் போய் ஏழைகளைப் பார்த்துவிட்டு வரவில்லை. யார் யாருக்கு என்ன தேவை என்பதை அந்தப் பகுதி ஏழைகளை நன்கு அறிந்திருந்த அருட்சகோதரி ரோசலி ராந்துவிடம் கேட்டறிந்து, ஒவ்வொரு வீடாகத் தேடிச் சென்றார்கள். இன்றும் அச்சபையினர் இருவர் இருவராக வீடுகளைச் சந்திப்பதைத்தான் தங்கள் பணியின் மையமாகக் கொண்டிருக்கிறார்கள். தேவையை அறிந்தவரிடம் முதலில் கேட்பது, சிறிய எண்ணிக்கையில் போவது, திரும்பவும் போவது: நமக்கும் இவை போதும்.

இதில் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது. பள்ளிகளும் நிறுவனங்களும் விடுமுறை நாள்களிலும் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டியும் வந்து குவிந்துவிடும். அந்த நாள்களில் இல்லத்தில் நிற்க இடம் இருக்காது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அங்கே யாரும் வருவதில்லை. மணி அடிக்காத பள்ளியை நடத்தும் நம்மால்தான் அந்த நேரத்தில் போக முடியும்.

நாங்கள் போகும் இல்லத்தில் சிஸ்டரிடம் என்ன உதவி வேண்டும் என்று கேட்டபோது, பாடல் நிகழ்ச்சி எதையும் அவர் கேட்கவில்லை. சலவை அறைக்கு அழைத்துச் சென்றார். உலர்ந்த துணிகள் மலையாகக் கிடந்தன. ஒவ்வொரு துணியின் உட்புறத்திலும் அதை அணிபவரின் அறை எண் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. எண் பார்த்துப் பிரித்து, காலுறைகளை இணை சேர்த்து, அந்தந்தக் கூடையில் வைக்க வேண்டும். என் மகள் முதலில் முகம் சுளித்தாள். சற்று நேரத்தில், பொத்தான்கள் எல்லாம் வெவ்வேறு நிறத்தில் தைக்கப்பட்ட ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது யாருடையது, அம்மா?" என்று கேட்டாள். மதியம் அந்த அறைக்குக் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவரையே கேட்டுவிட்டாள். கிடைத்த பொத்தானை வைத்து எல்லாவற்றையும் தாமே தைத்துக்கொண்டதாகப் பெருமையோடு சொன்ன அந்தத் தாத்தா, நூலில் எப்படி முடிச்சுப் போடுவது என்று அவளுக்குக் காட்டியும் கொடுத்தார். வாழ்த்து அட்டை கொடுத்திருந்தால் ஒரு புன்னகையோடு முடிந்திருக்கும்.

முதியோருக்குப் பணி செய்யும் சபைகளில் மிகவும் அறியப்பட்டது ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. அதைத் தொடங்கிய புனித ழான் ஜுகான், பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வையிழந்து உடலும் செயலிழந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து தம் படுக்கையையே கொடுத்தார். பிற்காலத்தில் தலைமைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கப்பட்டு, தாம்தான் நிறுவனர் என்பதை இளம் சகோதரிகள் பலர் அறியாத நிலையில், 1879இல் இறந்தார். 2009இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. அச்சபையின் சகோதரிகள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகியவற்றோடு விருந்தோம்பலையும் நான்காவது வார்த்தைப்பாடாக, அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதியாக, எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டின் விருந்தோம்பல் முதியோருக்கு உரியது. நாம் அவர்கள் வீட்டுக்குள் நுழைபவர்கள். அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே போகக் கூடாது, கட்டிலின் மேல் உட்காரக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். என்னைக் கேட்டால் படமே வேண்டாம் என்பேன். நினைவிழந்த ஒருவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதும் முறையன்று. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் சொல்லை மறைக்கல்வி வகுப்பில் மட்டும் படித்தால் போதாது.

மறதி நோயைப் பற்றி வீட்டிலேயே பேசிவிடுவது நல்லது. அங்குள்ள பாட்டி ஒருவர் என் மகனிடம், "தம்பி, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பதில் சொல்லத் தொடங்கினான். மிதிவண்டி, மழை, கணக்கில் பின்னம், தம்பிப் பாப்பா என்று பட்டியல் நீண்டது; அவரும் ஒவ்வொன்றுக்கும் புதிதாக வியந்தார். வீடு திரும்பியதும் இதை ஒரு பக்கக் கட்டுரையாக எழுதச் சொல்லலாமா என்ற ஆசை எனக்கு வந்தது உண்மை. சொல்லவில்லை. பின்னம் பிடிக்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும் என்பது வேறு விஷயம்.

என் கருத்துக்கு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பெரிய குழுக்கள் வரும்போதுதான் இல்லத்துக்கு நன்கொடையும் பொருள்களும் வந்து சேர்கின்றன. பாட்டுக் கேட்டு மகிழும் முதியவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை கூட்டத்தோடு போனால்தான் பிள்ளைகளின் கூச்சம் தெளியும் என்பார்கள். நன்கொடையைப் பிள்ளைகள் இல்லாமலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பதே என் பதில். பாட்டைப் பொறுத்தவரை, அதை வேண்டியவர் கேட்கும்போது அவர் அருகில் உட்கார்ந்து பாடுவது ஒன்று. நோயாளிகளை நாற்காலிகளோடு கூடத்துக்குத் தள்ளிக்கொண்டுவந்து, நம் பிள்ளைகளுக்கு அவையோராக உட்காரவைப்பது வேறு. கூட்டமாகத்தான் போக முடியும் என்ற நிலை இருந்தால், போன குடும்பங்கள் பிறகு முறைவைத்துத் தனித்தனியாகப் போகட்டும்.

இந்த ஆண்டு திட்டமிடுகிறவர்கள், தேதி குறிப்பதற்கு முன்பே இல்லத்தின் பொறுப்பாளரை அழைத்து, எந்த நாளில் ஆள் குறைவு, எந்த வேலைக்கு எந்த வயதுப் பிள்ளைகள் உதவ முடியும் என்று கேட்டுவிடுங்கள். சளியோ காய்ச்சலோ இருக்கும் பிள்ளையை, எவ்வளவு அழுதாலும், அழைத்துப் போகாதீர்கள்; அங்கிருப்பவர்களுக்கு அது சாதாரணச் சளியாக முடிவதில்லை. அடுத்த முறை எப்போது வருவோம் என்பதைப் புறப்படும்போதே சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், வர முடியாது என்றால் வருவதாகச் சொல்லாதீர்கள்.