அந்த வளையலுக்கு ஐம்பதாயிரம் அதிகமா?

நான்கு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். இவரும் "விடு, இன்னும் ஒன்பது நாள்ல ஊருக்குப் போயிடுவோம், போற நேரத்துல எதுக்கு வம்பு" என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் இன்று காலை எழுந்து பார்த்தால் என்னோடு பள்ளியில் படித்தவளே அந்த வீடியோவைச் சிரிப்புக் குறி போட்டுப் பகிர்ந்திருக்கிறாள். அதற்கு மேல் முடியவில்லை. எந்த வீடியோ என்று உங்களுக்குத் தெரியும்: லாவோஸில் லுவாங் பிரபாங் இரவுச் சந்தையில் ஒரு பாட்டி ஐம்பதாயிரம் கிப் (லாவோஸ் பணம்) சொன்ன வளையலை, ஒரு தம்பி பேரம் பேசி இருபதாயிரத்துக்கு வாங்கி "வின்" என்று தலைப்பு வைத்துப் போட்டாரே, அதுதான். அதில் பின்னாலிருந்து "தம்பி, வேணாம்ப்பா, கேட்டதைக் கொடுத்துடுங்க" என்று ஒரு பெண் குரல் கேட்கிறதே, அது நான்தான் என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சரி, நானே பேசிவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சிக்கனமாக ஊர் சுற்றுவது வேறு, அடுத்தவர் கூலியைக் குறைத்து ஊர் சுற்றுவது வேறு. சிக்கனத்தை நம் வயிற்றில் காட்டலாம், நம் படுக்கையில் காட்டலாம். தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் வருமானத்தில் காட்டுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

"காசு இருக்கிறவங்க பேசுற பேச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் நோட்டைக் காட்டட்டுமா? ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் எழுதிய கணக்கு. பாங்காக்கில் இறங்கி, கம்போடியா போய், வியட்நாமைத் தெற்கிலிருந்து வடக்கு வரை பார்த்து, இப்போது லாவோஸில் லுவாங் பிரபாங்கில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு மூவாயிரம் ரூபாய், அதற்கு மேல் போனால் மறுநாள் குறைக்க வேண்டும். அறை வாடகை மிச்சமாகும் என்று எத்தனை இரவுகள் படுக்கைப் பேருந்தில் முதுகு ஒடிய வந்தோம் தெரியுமா? அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு ஆளுக்கு 62 டாலர், அதைக் கட்டிவிட்டு அந்த வாரம் முழுக்கப் பையில் கொண்டுபோன சின்னக் குக்கரில் கஞ்சி வைத்துக் குடித்தோம். வண்டியை விற்றுத்தான் வந்தோம், அதையும் இங்கே எழுதியிருக்கிறேன். பணம் இருந்ததால் நான் பேசவில்லை. எங்களிடம் இருக்கும் பணம் எவ்வளவு கொஞ்சம் என்று எனக்குத் தெரியும், அந்தப் பாட்டியிடம் இருப்பது அதைவிட எவ்வளவு கொஞ்சம் என்பதும் தெரியும்.

ஐம்பதாயிரம் கிப் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கிறது. நம் பணத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாய். அந்தத் தம்பி கடைசியில் கொடுத்தது இருபதாயிரம், அதாவது எண்பது ரூபாய். 2021 தொடக்கத்தில் ஒரு டாலரின் விலை பத்தாயிரம் கிப்பை எட்டாமல் இருந்தது, இப்போது இருபதாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் இந்த நாட்டில் விலைவாசி ஒரே வருடத்தில் 41 சதவீதம் ஏறியிருந்தது. நம்முடைய நூறு ரூபாய் இங்கே கனமாகத் தெரிகிறது என்றால் அவர்களுடைய பணம் கரைந்துபோனதுதான் காரணம். அப்படிக் கரைந்த பணத்திலும் இன்னும் முப்பதாயிரத்தைப் பிடுங்கிக்கொண்டு "வின்" என்று தலைப்பு வைத்தால் அதில் யார் ஜெயித்தது?

அப்புறம் அந்த வளையல். அது என்ன வளையல் என்று வீடியோவில் எங்கேயும் இல்லை, அதுதான் என்னை இன்னும் வாட்டுகிறது. நாங்கள் வியட்நாமிலிருந்து மலைப்பாதை வழியாக லாவோஸின் போன்சவான் என்ற ஊருக்குத்தான் முதலில் வந்தோம். கல் ஜாடிகள் பரந்து கிடக்கிற அந்தச் சமவெளியைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள், நாங்களும் அதற்காகத்தான் போனோம். வெள்ளையடித்த கற்களுக்கு உள்ளே மட்டும் நட என்றார்கள். வெளியே கால் வைக்கக் கூடாது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்த நாட்டின்மேல் போட்ட குண்டு இருபது லட்சம் டன்னுக்கு மேல். கொத்துக்குண்டுகள் சிதறவிட்ட பந்து போன்ற சிறு குண்டுகளில் முப்பது சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணுக்குள்ளேயே கிடந்துவிட்டது என்கிறார்கள். போர் முடிந்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது, வயலில் மண்வெட்டி போடுகிறவரும் பந்து என்று நினைத்துக் கையில் எடுக்கிற பிள்ளையும் இன்னமும் அதில் சாகிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பான் நாப்பியா என்று ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் மண் அடுப்பில் போர்க்காலத்து அலுமினியத்தை உருக்கி, சாம்பல் அச்சில் ஊற்றி, ஸ்பூனும் வளையலும் செய்கிறார்கள். ஒரு அம்மா செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ஊற்றிய கையோடு அச்சைப் பிரித்து, சூட்டோடு எடுத்து, ஓரத்தைத் தேய்த்து என் கையில் வைத்தார். அவ்வளவு லேசாக இருந்தது. தலைமேல் விழுந்ததை உருக்கி நம் கையில் போடுகிறார்கள். அந்தப் பொருளுக்குத்தான் அந்தத் தம்பி கால்குலேட்டரில் 15,000 என்று அடித்து அந்தப் பாட்டியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "சந்தையில இருக்கிறதெல்லாம் ஒரிஜினல் இல்ல, ஏமாத்து" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். போலி என்று தெரிந்தால் வாங்காமல் போக வேண்டியதுதானே?

"அங்கே பேரம் பேசுவதுதான் பழக்கம், பேசாவிட்டால்தான் மரியாதை இல்லை" என்று நிறையப் பேர். ஐயா, நானும் அந்தச் சந்தையில் ஐந்து நாள் நடந்திருக்கிறேன். பழைய அரண்மனைக்கு முன்னால் சாயங்காலம் தெருவை அடைத்துப் போடுகிற சந்தை அது, இரண்டு பக்கமும் பெண்கள், நிறையப் பேர் மலையிலிருந்து வந்த மோங் இனத்தவர், பக்கத்தில் குழந்தை படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். கேட்டால் கொஞ்சம் குறைப்பார்கள், உண்மைதான். ஐம்பது சொன்னால் நாற்பதுக்குத் தருவார்கள், நாமும் சிரித்துக்கொண்டே வாங்கலாம். அதை யார் தப்பு என்றது? அவர் நாற்பதாயிரத்துக்கு இறங்கி வந்தாரே. அதற்குப் பிறகு எழுந்து போகிற மாதிரி போய், திரும்பி வந்து, மணி பத்தாகிக் கடை கட்டுகிற நேரம் என்று தெரிந்துகொண்டு, அவர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பிறகு ஒரே ஒரு இருபதாயிரம் நோட்டை நீட்டி "இவ்ளோதான் இருக்கு" என்றது எந்த ஊர்ப் பழக்கம்?

"வெளிநாட்டுக்காரன்னா விலை ஏத்திச் சொல்றாங்க." மாமல்லபுரத்தில் நுழைவுச் சீட்டு நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். அங்கே நாம் வாய் திறந்தோமா? இதற்கு இவ்வளவு பதில் போதும்.

இந்த "நேரம் பார்த்து"க் கேட்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் சொல்லாமல் ஏன் எனக்கு இவ்வளவு கோபம் என்று உங்களுக்குப் புரியாது. என் அம்மா மதுரையில் பூ விற்றவர். விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டில் உதிரி மல்லி வாங்கி வந்து, வாழைநாரை நனைத்து, நாங்கள் பள்ளிக்குக் கிளம்புகிறவரை கட்டிக்கொண்டே இருப்பார். சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு திருப்பத்தில் உட்காருவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எட்டு மணிக்கு மேல் மொட்டு விரிய ஆரம்பித்துவிடும். விரிந்துவிட்டால் மறுநாளைக்கு ஆகாது, அது எங்களுக்கும் தெரியும், வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும். அதற்காகவே ஒன்பது மணிக்கு வருகிற ஒரு அம்மா இருந்தார், பெரிய வீடு, கழுத்து நிறைய நகை. நான்கு முழம் அளந்து அறுத்துக் கட்டிக் கையில் கொடுத்த பிறகு, இரண்டு முழத்துக்கான காசைக் கூடையில் போட்டுவிட்டு "இந்நேரத்துக்கு மேல இதை யாரு வாங்கப் போறா" என்பார். அம்மா சிரிப்பார். ஒவ்வொரு முறையும் சிரிப்பார். வாங்கியவர் தெருத் திரும்பும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும், பிறகு என் பக்கம் திரும்பாமலே கூடையைக் கட்டுவார்.

இப்போது எல்லோரும் எழுதுகிறார்களே, "அந்தப் பாட்டியே சிரிக்கிறாங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு" என்று. எனக்கு வந்தது அதுதான். விற்கிறவர் சிரிப்பது நாளைக்கும் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு நாளாவது தெருவில் எதையாவது விற்றுப் பார்த்திருக்கிறார்களா?

"நீங்க மட்டும் வியட்நாம்ல பேரம் பேசலையா, உங்க பழைய பதிவுலயே இருக்கே" என்று ஒருவர் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார். பேசினேன். இது மட்டும்தான் என்னை உண்மையிலேயே குத்தியது. சாப்பா என்ற வியட்நாம் மலையூரில் ஒரு பெண் எங்களோடு மலை இறங்கி வந்தார், வழுக்குகிற இடத்திலெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார், கீழே வந்ததும் கூடையிலிருந்து ஒரு எம்பிராய்டரி பையை எடுத்து நீட்டினார். மூன்று லட்சம் டாங், நம் பணத்தில் ஆயிரம் சொச்சம். நான் பாதிக்குக் கேட்டு, பாதிக்கே வாங்கினேன், வாங்கியதைப் பெருமையாக இங்கே எழுதவும் செய்தேன். அன்று ராத்திரி இவர் "அவங்க உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததுக்கு எவ்வளவு போட்டே?" என்று கேட்டார். ஆரம்பத்தில் இப்படியெல்லாம் இல்லை. மூன்று மாதம் கையில் நோட்டை வைத்துக்கொண்டு எதைப் பார்த்தாலும் எண்ணாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது, மனிதர் தெரியவில்லை. நீண்ட பயணம் நம்மைப் பெரிய மனதுக்காரர்களாக ஆக்கும் என்று சொல்கிறார்கள், என்னைப் பாதி வழியில் கஞ்சத்தனமாகத்தான் ஆக்கியிருந்தது. அந்தப் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நான் அதைத் தோளில் மாட்டுவதில்லை. ஆகவே தம்பி, உங்களைவிட நான் மேல் என்று நினைத்து அன்று பேசவில்லை. உங்கள் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம், அதனால்தான் பேசினேன்.

நேற்று அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். முதலில் "எவ்வளவு சொன்னா, எவ்வளவுக்குக் குடுத்தா" என்றுதான் கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேக்குறது தப்பில்லடி, நானும்தான் காய்க்காரன்கிட்ட கேப்பேன். பூவை அறுத்துக் கட்டின பொறவு கேக்கக் கூடாது" என்றார். அந்த நகைக்கார அம்மாவைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, மறந்திருப்பார் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் இப்போது எனக்கு அந்த முப்பதாயிரம் கிப்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வீடியோவை இதுவரை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். கீழே அந்தப் பாட்டியுடைய பல்லைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அவர் "ப்ளீஸ்" என்று சொன்ன விதத்தை ஒருவர் தனியாக வெட்டி எடுத்துப் பாட்டு சேர்த்திருக்கிறார். அவரிடம் யாராவது கேட்டார்களா? ராத்திரி பத்து மணிக்குக் கடை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம், தனக்குப் புரியாத ஒரு மொழியில், தனக்குத் தெரியாத மனிதர்களுக்கு நடுவில் சிரிப்புப் பொருளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதுவும் நம் மொழியில், தமிழில். அன்று அந்தத் திருப்பத்தில் யார் கையிலும் கேமரா இல்லை என்பதை நினைத்தால் எனக்கு நடுங்குகிறது.

என்னைத் திட்டுங்கள். "அட்வைஸ் அக்கா" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்பது மட்டும்தான். எடுக்க மனம் வராவிட்டால் அவர் முகத்தையாவது மறைத்துவிடுங்கள் தம்பி, அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நாங்கள் நாளை மதிய ரயிலில் வியந்தியான் போகிறோம், அங்கிருந்து பாங்காக், அப்புறம் வீடு. நேற்றும் முந்தாநாளும் அவர் உட்காரும் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்துக் கடைப் பெண்ணிடம் சைகையில் கேட்டேன், ஏதோ சொன்னார், புரியவில்லை. இன்று சந்தை போடுகிற நேரத்துக்கு இன்னொரு முறை போகப் போகிறோம். இவர் இப்போதே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.