காலிக் கட்டில் யார் கணக்கில்?

“உங்க பக்கத்து ஆஸ்பத்திரியில பாதிக் கட்டில் காலியாத்தானே கிடக்கு, மூடிட்டு டவுன் ஆஸ்பத்திரியைப் பெருசாக்கினா என்ன?” போன வாரம் டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார். கணக்குத் தெரிந்த மனுஷன். அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியை அளக்க வழக்கமாக எடுப்பது மூன்று எண்கள்: கட்டில் எவ்வளவு நிரம்புகிறது, ஒரு கட்டிலுக்கு வருஷம் எத்தனை நோயாளி, ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார். பபோன் லாசோ என்பவர் 1986இல் இவற்றை நான்கு கட்டமாகப் பிரித்த ஒரே படத்தில் காட்டினார். எங்கள் ஆஸ்பத்திரியை அதில் போட்டால் இடது கீழ் மூலையில்தான் விழும். கட்டில் அதிகம், ஆள் குறைவு.

ஏன் குறைவு? இலங்கையில் யாரும் டாக்டர் கடிதம் இல்லாமலே நேராகக் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், காசும் கட்டத் தேவையில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியும் 2017இல் திறந்தாகிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்ய முடியாது என்றால் சனம் பஸ்ஸை விட்டு இறங்குமா?

சரி, தங்கும் நாளுக்கு வருவோம். மாமாவுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டு அங்கேதான் தையல் போட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்ட வந்த டாக்டர், “வீடு எங்க?” என்றார். “தோட்டத்துல மேல் டிவிஷனுங்க. ஆட்டோ ஏறாது, நடக்கணும்.” “அப்ப நாளன்னைக்குப் போங்க.” கணக்குப் புத்தகத்தில் இது இரண்டு நாள் வீண். என் கண்ணுக்கு அந்த டாக்டர் அன்றைக்குச் செய்த நல்ல வேலையே அதுதான்.

இதற்கு நேர் எதிர், டவுனில் ஒரு கிளினிக் நாள். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பிப் போய், நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு இரண்டு நிமிஷம் டாக்டரைப் பார்த்து, இல்லாத மாத்திரைக்கு வெளியில் வாங்கத் துண்டும் வாங்கி வந்தார். அன்றைய பேர், அதாவது தோட்டத்து நாள் வேலை, போச்சு. ஆஸ்பத்திரிக்கு அது மலிவாக முடிந்த ஒரு வருகை. அம்மாவின் நாள் சம்பளம் எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறாது.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அதற்கும் நல்ல முறை இருக்கிறது. சிறப்பாகச் செய்பவரை எல்லைக்கோடாக வைத்து மற்றவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்று பார்க்கச் சொன்னவர் பொருளாதார அறிஞர் ஃபாரல், 1957இல். பிறகு ஃபேர், கிராஸ்கோப் முதலானோர் மால்ம்குவிஸ்ட் பெயரிலுள்ள உற்பத்தித்திறன் குறியீட்டைக் கொண்டு சுவீடன் ஆஸ்பத்திரிகளைப் பார்த்தார்கள். ஒரு ஆஸ்பத்திரி தானே முன்னேறியதா, அல்லது கோடே நகர்ந்ததா என்று அது பிரித்துச் சொல்லும். எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ அதில் போட்டுப் பாருங்கள். பல டாக்டர்மார் வெளிநாடு போய்விட்டார்கள், மருந்து அலுமாரி வெறுமை, வரிசை மட்டும் அதே நீளம். ஒரு டாக்டருக்கு எத்தனை நோயாளி என்று வகுத்தால் உற்பத்தித்திறன் கூடிவிட்டது! மருந்தே கொடுக்காவிட்டால் செலவு குறையத்தானே செய்யும்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தையல் போட்ட காயம் சீழ் பிடித்துத் திரும்பி வந்தவர் எத்தனை பேர், பஸ்ஸுக்கு எவ்வளவு, வேலையில் போன பேர் எத்தனை நாள், இதையும் எழுதிவிட்டு அப்புறம் வகுங்கள் என்கிறேன்.

மாமா இருந்த வாட்டில் பக்கத்துக் கட்டில் காலி. அதில் வெற்றிலைப் பையை வைத்திருந்தார். நர்ஸ் மிஸ் வந்து, “எடுங்க ஐயா, ஆள் வந்தா போடணும்” என்று சத்தம் போட்டார். இவர் முனகிக்கொண்டே எடுத்தார். மறுநாள் காலை மலையில் குளவிக்கூடு கலைந்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒன்பது பெண்களை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மத்தியானம் நான் சோறு கொண்டு போனபோது மாமா வாங்கில் உட்கார்ந்திருந்தார், கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டு.