அந்த டயலுக்குப் புதுச் சாயம் பூசாதீர்கள்

மதுரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பீரோவைத் திறந்தால் நிலப் பத்திரங்களுக்கும் பட்டுச் சேலைகளுக்கும் நடுவே ஒரு கைக்கடிகாரம் கிடக்கும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு சேர்த்துப் போட்டதாக இருக்கும். இல்லையென்றால் ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ திரும்பிய பெரியவர் கட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும். டயலில் ஃபேவர் லூபா, ரோமர், சைமா, வெஸ்ட் எண்ட், ஹென்றி சாண்டோஸ் என்று ஏதோ ஒரு சுவிஸ் கம்பெனியின் பெயர். எடுத்துக் காட்டினால், "ரோலக்ஸா, ஒமேகாவா?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் இருந்த ஆர்வம் வடிந்துவிடும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் கடிகாரங்களுக்கு நாம் பெரிய அநியாயம் செய்துகொண்டிருக்கிறோம்.

ஃபேவர் லூபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் தொடங்கிய அந்தக் குடும்பத் தொழில், தன் வரலாற்றை 1737-லிருந்து எண்ணுகிறது. 1865-லேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. 1962-ல் அவர்கள் வெளியிட்ட பிவுவாக், மலையேறுபவர்களுக்கு உயரத்தையும் காற்றழுத்தத்தையும் காட்டியது. கைக்கடிகாரத்துக்குள் அப்படி ஒரு கருவியை அதற்கு முன் யாரும் வைத்ததில்லை. அதே காலத்தில், கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கை ஒன்றுக்குப் பதிலாக இரண்டாக வைத்து மெல்லிய இயந்திரம் ஒன்றையும் செய்தார்கள். சாவி தீரத் தீர ஸ்பிரிங்கின் விசை தளரும், நேரம் பிசகும். இரண்டு ஸ்பிரிங் சுமையைப் பகிர்ந்துகொண்டால் விசை நெடுநேரம் சீராக இருக்கும். இவ்வளவு யோசித்துச் செய்த பொருளைத்தான் "ஓடாத பழைய வாட்ச்" என்று பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுகிறோம்.

எல்லாக் கம்பெனிகளும் இப்படிச் சொந்த இயந்திரம் செய்யவில்லை என்பது உண்மை. பலரும் ஏ. ஷில்ட், ஈட்டா போன்ற பெரிய தொழிற்சாலைகளிலிருந்து இயந்திரத்தை வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதைப் பெரிய நன்மை என்பேன். ஒரே இயந்திரம் பல பெயர்களில் ஓடியதால், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். அறுபது வருடத்துக்கு முந்தைய கடிகாரத்துக்கு இன்றைக்கும் பேலன்ஸ் அச்சு, அதாவது உள்ளே முன்னும் பின்னும் துடிக்கும் சக்கரத்தின் அச்சு, தேடிப் பிடிக்க முடிகிறது என்றால் காரணம் அதுதான். பெரும்பாலானவை மணிக்கு 18,000 முறை துடிப்பவை. விநாடிக்கு ஐந்து, ஒரு நாளைக்கு 4,32,000. தேயும் இடங்களில் செயற்கை மாணிக்கக் கற்கள் பதித்திருப்பார்கள். டயலில் '17 ஜூவல்ஸ்' என்று எழுதியிருப்பது அந்தக் கற்களின் எண்ணிக்கையை. அவை நகைக்கடைக்காரர் விலை போடும் கற்கள் அல்ல. ஆனால் அவை இருப்பதால்தான் அச்சுகள் இத்தனை காலம் தேயாமல் சுழல்கின்றன.

பிறகு ஏன் இந்தப் பெயர்கள் மங்கின? தரம் குறைந்ததால் அல்ல. இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ, பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970-ல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், எண்பதுகளின் நடுவில் மிஞ்சியவர்கள் சுமார் 30,000 பேர். கைத்திறனில் தோற்காதவர்களே சந்தையில் தோற்றார்கள். விளம்பரத்துக்குப் பணம் வைத்திருந்த சில பெயர்கள் மட்டும் நம் நினைவில் தங்கின.

சரி, இவற்றின் மதிப்பு என்ன? பணமாகக் கேட்டால் சாதாரணமான ஒரு ரோமரோ சைமாவோ சில ஆயிரங்களுக்கு மேல் போகாது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சில ஆயிரத்துக்கு, மனிதக் கை பிரித்துச் சரிசெய்து மறுபடி ஓட வைக்கக்கூடிய ஓர் இயந்திரம் கிடைக்கிறது. இன்றைய ஸ்மார்ட் வாட்ச் எதற்கும் ஐம்பது வருடம் கழித்து அந்த வாய்ப்பு இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்த மதிப்பை ஒரே நாளில் அழிக்கும் வேலைதான் டயலுக்குப் புதுச் சாயம் அடிப்பது. இணையத்தில் ஆரஞ்சு, ஊதா, கிளிப்பச்சை நிறங்களில் பளபளக்கும் 'பழைய சுவிஸ்' கடிகாரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நாலைந்து கடிகாரங்களின் உடம்பைச் சேர்த்து, டயலைச் சுரண்டி, மேலே பெயரை அச்சடித்தவை. எழுத்தின் விளிம்பு தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் முள்ளோடு ஒத்துப்போகாது. நம் வீட்டுக் கடிகாரத்தையும் அப்படி ஆக்கச் சொல்வது, திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கச் சொல்வது போன்றது. லேசாகப் பழுத்த டயல் அழுக்கு அல்ல, அது அந்தக் கடிகாரத்தின் வயது. இன்னொரு காரணமும் உண்டு. அறுபதுகள் வரை செய்த ஒளிரும் முட்களிலும் எண்களிலும் ரேடியம் இருக்கலாம். ஒளி செத்திருந்தாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதைச் சுரண்டினால் எழும் தூசியை மூச்சில் இழுப்பது கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவர்தான்.

மதுரை மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்திலும் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேட்டரி மாற்றியே நாளை ஓட்ட வேண்டிய நிலையில் இருக்கும் அவர்களிடம் பீரோவில் கிடப்பதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். டயலைத் தொட வேண்டாம் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கட்டத் தொடங்கிய பிறகு தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வியர்வை ஊறும் என்பதால் வெளியே போய் வந்ததும் பின்மூடியைத் துணியால் துடைத்துவிடுங்கள். காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இறுகியதும் நிறுத்திவிடுங்கள். நாளைக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஓடினால் அதற்காகத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம், அது அந்த வயதுக்கு நல்ல ஓட்டம்.